பூட்டுக்கும் ஒரு எக்ஸ்பயரி டேட் வேணும்

போன தீபாவளி லீவில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக சொந்தக் காசில் ஒரு பிசி கேம் வாங்கினேன். சொந்தக் காசு என்றால் சம்மர் இன்டர்ன்ஷிப்பில் வந்த ஸ்டைபண்ட். பாதியை அம்மாவிடம் கொடுத்தாச்சு. கொஞ்சம் ப்ராஜெக்டுக்கு போர்டு, சென்சார் என்று போச்சு. மிச்சம் இருந்ததில், சேல் வரும்வரை மூணு மாசம் காத்திருந்து 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடுகிற கேம் இல்லை. தனியாக உட்கார்ந்து ஒரு கதையை ஆடி முடிக்கிற கேம். எங்க வீட்டு வைஃபையில் ரெண்டு நாள் ராத்திரி பகலாக ஓடி 70 ஜிபி இறங்கியது. "கரண்ட் பில் யாருடி கட்டுறது?" என்று பாட்டி கேட்டதெல்லாம் தனிக் கதை.

லீவு முடிந்து ஹாஸ்டல் வந்து, இன்டர்னல்ஸ் எல்லாம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆசையாக லேப்டாப்பைத் திறந்தேன். லாஞ்சர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், சர்வரோடு இணைக்க முடியவில்லை, இன்டர்நெட்டைச் சரிபாருங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. இன்டர்நெட் நன்றாகத்தான் இருந்தது. கேம்பஸ் ஃபயர்வாலில் கேமிங் சம்பந்தப்பட்ட எந்த சர்வரும் திறக்காது, அவ்வளவுதான். போன் ஹாட்ஸ்பாட் போடலாம் என்றால், எங்க பிளாக்கில் சிக்னல் உருப்படியாகக் கிடைக்கிற ஒரே இடம் மாடிப்படி ஜன்னல். படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து லாகின் பண்ணி, மெனு வந்ததும் லேப்டாப்பை மூடாமல் ஏந்திக்கொண்டு ரூமுக்கு ஓடினேன். அரை மணி நேரம் ஆடியிருப்பேன். இணைப்பு போய்விட்டது என்று சொல்லி கேம் என்னை வெளியே தள்ளியது. ஆடினது எதுவும் சேவ் ஆகவில்லை.

எதிர் ரூமில் அதே கேம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பெரியப்பா பையன் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்த கிராக் காப்பி. லாஞ்சர் இல்லை, லாகின் இல்லை, சர்வர் இல்லை. டபுள் கிளிக் பண்ணினால் கேம். என் கதையைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கக்கூட இல்லை. பாவமாகப் பார்த்து, "காசு குடுத்ததுதான்டி உன் தப்பு" என்றாள்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. யோசித்து, படித்து, ஒரு செமஸ்டர் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் முதல் சர்வர் வரை

காப்பி ப்ரொடெக்‌ஷன், டிஆர்எம், ஆன்டி-டேம்பர் என்று பேர்தான் பல. வேலை ஒன்றுதான்: காசு கொடுக்காதவன் கேமைத் திறக்கக் கூடாது.

இது நம்மைவிட வயதான விஷயம். 1990ல் பிசிக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை நிறைய குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு எழுத்து. மேனுவலில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கணும். மேனுவல் இல்லாதவன் மாட்டிக்கொள்வான். இதற்கு மருந்து என்ன? மேனுவலை ஒரு ஜெராக்ஸ். முடிந்தது கதை.

அப்புறம் சிடி காலம். டிரைவில் இருப்பது ஒரிஜினல் டிஸ்க்தானா என்று பார்க்க சேஃப்டிஸ்க், செக்யூரோம் மாதிரியான சாஃப்ட்வேர்கள் வந்தன. சேஃப்டிஸ்க் தன் டிரைவரை விண்டோஸ் கெர்னல் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்தது. அந்த டிரைவரில் செக்யூரிட்டி ஓட்டை இருக்கும் என்று 2015ல் மைக்ரோசாஃப்ட் கதவை மூடியது. விண்டோஸ் 10ல் அது ஓடாது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட், பழைய விண்டோஸ்களிலும் அதை நிறுத்தி வைத்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் கடையில் காசு கொடுத்து வாங்கி, டப்பாவோடு பத்திரமாக வைத்திருந்தவரின் ஒரிஜினல் டிஸ்க் ஒரே நாளில் பீங்கான் தட்டு ஆகிவிட்டது. சிடி இல்லாமல் ஓடுகிற கிராக் வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர் ரூம் கதை அப்போதே தொடங்கிவிட்டது.

அதற்கடுத்து ஆக்டிவேஷன். 2008ல் ஈஏ வெளியிட்ட ஸ்போர் கேமை மொத்தம் 3 தடவைதான் ஆக்டிவேட் பண்ண முடியும் என்றார்கள். விண்டோஸ் ஃபார்மேட் அடித்தால் ஒன்று போச்சு, கம்ப்யூட்டர் மாற்றினால் இன்னொன்று போச்சு. அமேசானில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை ஸ்டார் போட்டுக் கொந்தளித்தார்கள். அமெரிக்காவில் கேஸும் போட்டார்கள். ஈஏ 3ஐ 5 ஆக்கியது. அதனால் பைரசி நின்றதா? ரிலீஸுக்கு முன்னாடியே கிராக் காப்பி வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் டோரன்ட்டில் மிக அதிகமாக இறக்கப்பட்ட கேம் என்று டோரன்ட்ஃப்ரீக் போட்ட பட்டியலில் முதலிடமே ஸ்போருக்குத்தான்.

2010ல் உபிசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. அசாசின்ஸ் கிரீட் 2 பிசி வெர்ஷனில், தனியாக ஆடுகிற கேமுக்கே எந்நேரமும் இன்டர்நெட் கட்டாயம். வெளியான சில நாளிலேயே யாரோ அவர்களுடைய சர்வரைத் தாக்கிப் படுக்க வைத்தார்கள். காசு கொடுத்தவர்கள் சிலர் வெளியே நின்றார்கள். 2013ல் சிம்சிட்டிக்கும் அதே கதி. ரிலீஸ் அன்றைக்கு சர்வர் தாங்கவில்லை. ஊர் கட்ட ஆசைப்பட்டவர்கள் கியூவில் உட்கார்ந்தார்கள். அமேசான் அதன் டவுன்லோட் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. சர்வர் இல்லாமல் இந்த கேம் ஓடவே ஓடாது என்கிற மாதிரி முதலில் பேசினார்கள். ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், அவர்களே ஆஃப்லைன் மோட் கொடுத்தார்கள்.

ஏன் எப்பவுமே உடையுது?

இந்த இடத்தில் நாம் இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ் என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கிரிப்டோகிராபி பேப்பரில் என்ன படித்தோம்? அனுப்புகிறவர், வாங்குகிறவர், நடுவில் ஒரு திருடன். வாங்குகிறவரிடம் சாவி இருக்கும், திருடனிடம் இருக்காது. அதனால் சிஸ்டம் நிற்கிறது.

கேமில் என்ன ஆகிறது என்றால், வாங்குகிறவரும் திருடனும் ஒரே ஆள். ஆட வேண்டும் என்றால் கேம் ஏதோ ஒரு கட்டத்தில் அவர் மெமரியில், அவர் பிராசஸரில் பூட்டைத் திறந்துதான் ஆகணும். பூட்டு, சாவி, பெட்டி மூன்றையும் ஒருத்தர் கையிலேயே கொடுத்துவிட்டு, திறக்காதே என்று சொல்கிற மாதிரி. சாவியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேட நாளாகலாம், மாசமாகலாம். ஆனால் அது அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கு.

அதனால் இந்தத் தொழிலில் யாரும் உடைக்கவே முடியாத பூட்டு செய்வதில்லை. உடைக்க நேரம் எடுக்கிற பூட்டு செய்கிறார்கள். இன்றைக்கு பெரிய கேம்களில் இருக்கிற டெனுவோ அந்த ரகம். ஆஸ்திரியாவில் தொடங்கிய கம்பெனி, 2014ல் ஃபிஃபா 15 வழியாகப் பிரபலமானது. கோடை அப்படியே குழப்பி, சுற்றி வளைத்து, அங்கங்கே செக் வைத்து, கிராக்கரைச் சோர்வடைய வைப்பதுதான் உத்தி.

ஆனால் அந்தச் சுற்றி வளைத்தல் எல்லாம் ஓடுவது யாருடைய சிபியூவில்? நம்முடையதில். ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2021 மே மாதம் வந்தபோது, சண்டைக் காட்சிகளில் பிசி வெர்ஷன் திக்கித் திணறியது. அதில் டெனுவோவும் இருந்தது, கேப்காமின் சொந்தப் பாதுகாப்பும் இருந்தது. ஜூலையில் கிராக் வந்தது. கிராக் காப்பி ஒரிஜினலைவிட ஸ்மூத்தாக ஓடியது! அப்புறம்தான் கேப்காம் ஒரு பேட்ச் விட்டு, பைரசி தடுப்பு டெக்னாலஜியைச் சரிசெய்திருக்கிறோம் என்றது. அதே வருஷக் கடைசியில் இன்டெல்லின் 12வது ஜெனரேஷன் பிராசஸர் வந்தது. அதில் பெரிய கோர், சின்ன கோர் என்று ரெண்டு வகை. சில கேம்களின் டிஆர்எம், சின்ன கோரைப் பார்த்து இது வேற கம்ப்யூட்டர் என்று முடிவு பண்ணிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கேம்களில் பிரச்சினை இருக்கலாம் என்று இன்டெல்லே பட்டியல் போட்டது. புது பிராசஸர் வாங்கியவர் பண்ணிய தப்பு என்ன? ஒன்றும் இல்லை. காசு கொடுத்தது மட்டும்தான்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் எடுத்தவனை நிறுத்தி, பையைத் திறந்து, பாக்கெட்டைத் தடவி, இடைவேளையில் மறுபடியும் தடவுகிறார்கள். பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தவன் உள்ளே உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிடுகிறான். இதுக்குப் பேர் பாதுகாப்பு!

அப்போ பூட்டே வேண்டாமா?

இத்தனையும் சொல்லிவிட்டு, டிஆர்எம் மொத்தமும் வேஸ்ட் என்று முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. நான் தேடிப் படித்ததில் என் வாயை அடைத்த ஒரு விஷயம் இருக்கு. ஸ்டீமில் வந்த டெனுவோ கேம்களை வைத்து 2024ல் ஒரு ஆய்வு வெளியானது. ரிலீஸ் ஆன முதல் வாரமே கிராக் ஆகிவிட்டால், அந்த கேமின் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் அடிபடுகிறது என்கிறது அது. 20 சதவீதம் சின்னத் தொகை இல்லை. நாலு வருஷம் நூற்றுக்கணக்கான பேர் உழைத்த ஒரு கேமுக்கு, அடுத்த கேம் வருமா வராதா என்பதே அதில் இருக்கலாம். நாளைக்கு நாமே அந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருத்தராக இருந்தால்? அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. கிராக் வருவது தள்ளிப்போகப் போக நஷ்டம் குறைகிறது. சுமார் 12 வாரம் தாண்டிவிட்டால், அதற்கப்புறம் கிராக் வந்தாலும் நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். பூட்டின் லாபம் 12 வாரம். பூட்டின் தொல்லை ஆயுசுக்கும். லாபம் முழுக்க கம்பெனிக்கு, தொல்லை முழுக்க காசு கொடுத்தவருக்கு. பால் பாக்கெட்டுக்கே தேதி அடிக்கிறோம். இந்தப் பூட்டுக்கு ஏன் அடிப்பதில்லை?

முடியாத காரியமும் இல்லை. 2016ல் வந்த டூம் கேமிலிருந்து அதே வருஷ டிசம்பரில் டெனுவோவை எடுத்துவிட்டார்கள். கேப்காமும் வில்லேஜிலிருந்து 2023ல் எடுத்தது. ஆனால் இதெல்லாம் அவர்களாகப் பார்த்துப் பண்ணுகிற தயவு. வாங்குகிற அன்றைக்கே டப்பா மேல் எழுதித் தருகிற வாக்கு இல்லை.

பூட்டே இல்லாமல் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். 2008ல் போலந்தில் சிடி ப்ராஜெக்ட் தொடங்கிய ஜிஓஜி ஸ்டோரில் எந்த கேமிலும் டிஆர்எம் கிடையாது. இன்ஸ்டாலரை இறக்கி பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம். தி விட்சர் 3 அங்கே முதல் நாளிலிருந்தே பூட்டில்லாமல் கிடைத்தது. வேண்டுமென்றால் யார் வேணுமானாலும் காப்பி அடித்திருக்கலாம். 2023க்குள் அது 5 கோடி காப்பிக்கு மேல் விற்றுவிட்டது. பால்டர்ஸ் கேட் 3யும் 2023ல் அங்கே பூட்டில்லாமல்தான் வந்தது. எல்லா கேமும் விட்சர் ஆகிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டு இல்லை என்றால் ஒரு காப்பிகூட விற்காது என்கிற பயத்துக்கு இது பதில்.

வாங்கினேனா, வாடகைக்கு எடுத்தேனா?

ஹாஸ்டல் வைஃபை மாறும், பிராசஸர் பிரச்சினைக்கு அப்டேட் வரும். ஆனால் சர்வரையே மூடிவிட்டால்? தி க்ரூ என்ற கார் கேம் 2014ல் வந்தது. அதில் தனியாக ஆடக்கூடிய கதையும் இருந்தது. ஆனால் சர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று உபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. அப்புறம் வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து லைசென்ஸையும் எடுத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் முழு விலை கொடுத்தவரிடம் இப்போது இருப்பது பில் மட்டும்.

இதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்று ஒரு இயக்கம் தொடங்கினார். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை: சர்வரை மூடுங்கள், ஆனால் மூடும்போது கேம் ஓடுகிற மாதிரி ஏதாவது வழி வைத்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய யூனியனில் அந்த மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் மோட் தருவதாக உபிசாஃப்ட் 2024லேயே அறிவித்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் சரக்கை விற்கும்போது, இது லைசென்ஸ் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பட்டனை வைக்கக் கூடாது.

நம்ம ஊரில்? காப்புரிமைச் சட்டத்தில் 2012ல் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு இந்த மாதிரிப் பூட்டை உடைத்தால் 2 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. பூட்டு போட்டவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கு. அந்தப் பூட்டால் வெளியே நிற்கிற, காசு கொடுத்த என்னை மாதிரி ஆளுக்குப் பூட்டைத் திறந்து கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்த அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, பூட்டுக்குத் தேதி போடுங்கள். மூணு மாசமோ ஆறு மாசமோ, ரிலீஸ் அன்றைக்கே சொல்லுங்கள், அன்றைக்கு எடுத்துவிடுங்கள். ரெண்டு, தனியாக ஆடுகிற கேமை ஒரு தடவை செக் பண்ணினால் போதும், அப்புறம் ஆஃப்லைனில் விட்டுவிடுங்கள். மூணு, சர்வரை மூடுகிற நாளில் பூட்டைத் திறக்கிற ஒரு கடைசி பேட்ச் கொடுங்கள். முடியாது என்றால் 'வாங்கு' என்று எழுதாதீர்கள், 'வாடகை' என்று எழுதி வாடகை விலைக்குக் கொடுங்கள்.

நம்ம பக்கமும் கொஞ்சம்

நானும் யோக்கியம் இல்லை. ஸ்கூல் முடிக்கிறவரை நான் ஆடியது எல்லாமே கசின்கள் கொடுத்த பென் டிரைவ் கேம்தான். 1,499 ரூபாய் என்பது நிறைய வீட்டில் ஒரு வாரத்து மளிகை. காசு இல்லாதவரைப் பார்த்து நான் உபதேசம் பண்ணப்போவதில்லை. ஆனால் காசு இருந்தும், 'வாங்கினா ஓடாது, கிராக்தான் ஓடும்' என்று ஒருத்தர் முடிவெடுத்தால் அந்த விற்பனையை இழக்க வைத்தது பைரசி இல்லை, அந்தப் பூட்டுதான். பைரசி என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சர்வீஸ் பிரச்சினை என்று வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல் 2011லேயே சொன்னார். திருடனிடம் கிடைப்பது ஒரிஜினலைவிட நல்ல பொருளாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. இதைப் படிக்கிற பாதிப் பேர் இன்னும் எட்டு மாசத்தில் எங்கேயோ உட்கார்ந்து கோட் அடிக்கப்போகிறோம். கேம் கம்பெனியாக இருக்கணும் என்று அவசியமில்லை. டிவி, பைக், கார், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் இப்போது லைசென்ஸ் செக் இருக்கு. ஒரு நாள் நம்ம பேருக்கே அந்த டிக்கெட் வரும். சர்வரிடம் கேள், ஓகே என்றால் திற. ட்ரை பிளாக் எல்லோரும் எழுதிவிடுவோம். கேட்ச் பிளாக்கில் என்ன எழுதுவோம்? சர்வர் பதில் சொல்லாதபோது, எதிரில் இருப்பவரைத் திருடன் என்று முடிவு பண்ணுவதா, காசு கொடுத்தவர் என்று நம்புவதா? அந்த ஒரு வரியை எழுதும்போது, லேப்டாப்பை ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஓடின ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த கேமை செமஸ்டர் லீவில் வீட்டில் உட்கார்ந்து ஆடி முடித்துவிட்டேன். நல்ல கேம்தான். அதைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்ததாக வாங்கிய கேமை, வாங்குவதற்கு முன்னால் ஸ்டோர் பேஜில் வலது பக்கம் சின்ன எழுத்தில் டிஆர்எம் பற்றி என்ன போட்டிருக்கு என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். நீங்களும் பாருங்க. ஹாஸ்டலில் அது வைஃபை ஆஃப் ஆன பிறகும் ஓடுது. எதிர் ரூமிலிருந்து அவள் வந்து எட்டிப் பார்த்து, "இது கிராக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடி, காசு குடுத்தது" என்றேன்.